காட்டுக்கு வில்லங்கம் பார்க்கிறோம்... காலேஜுக்கு?

தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைச் சேர்க்கும் விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சூலூர், சுல்தான்பேட்டை பக்கம் ஒரு ஏக்கர் காடு விலைக்கு வருகிறது என்றால், வாங்குகிற குடும்பம் சும்மா போய் முன்பணம் கொடுத்துவிடாது. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். மூலப்பத்திரம் கேட்பார்கள். பட்டா தனியா, கூட்டா? தடம் இருக்கிறதா? கிணற்றில் எத்தனை பங்கு? பி.ஏ.பி. ஆயக்கட்டில் வருகிறதா, வந்தால் எந்த மண்டலம்? பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, வக்கீலிடம் ஒரு வார்த்தை. இதெல்லாம் முடிய ஒரு மாதமாவது ஆகும்.

அதே குடும்பம், மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, பத்துப் பதினைந்து லட்சம் ரூபாய் செலவாகும் ஒரு படிப்பை ஒரே மத்தியானத்தில் முடிவு செய்துவிடுகிறது. வளாகத்துக்குள் கார் போகிறது. கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. அறை, சுவரில் வேலை கிடைத்தவர்களின் படங்கள். "சீட்டு இன்னும் நாலுதான் இருக்குதுங்க, இன்னைக்கே கட்டிட்டா சலுகை" என்கிறார் சேர்க்கைப் பிரிவில் இருப்பவர். பையில் இருக்கும் பணம் ரசீதாக மாறுகிறது. அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் படிக்கிறார்கள்.

தனியார் கல்வி என்பது கோவை வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1926-ல் உருவான பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கியது. மில் நடத்தியவர்கள் கல்லூரியும் கட்டியதால்தான் காட்டு வேலை பார்த்த எத்தனையோ குடும்பங்களில் முதல் இன்ஜினீயர் வந்தார். ஆகவே 'தனியார் என்றாலே ஏமாற்று' என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியர்களும் உள்ள தனியார் நிறுவனங்கள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'தனியார் காலேஜ்' என்று ஒரே வார்த்தையில் சொல்லும் இடங்கள் சட்டப்படி ஒரே வகை அல்ல. வகை மாறினால் கட்டணம் மாறும், அரசின் சலுகை மாறும், தகராறு வந்தால் போய் நிற்க வேண்டிய இடமும் மாறும்.

பலகையில் இருக்கும் பெயர் வேறு, பத்திரத்தில் இருக்கும் பெயர் வேறு

முதல் வகை, இணைப்புக் கல்லூரி. நீலாம்பூர், அரசூர், கணியூர் என்று தேசிய நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சில கல்லூரிகளுக்கு 'தன்னாட்சி' இருக்கும். அதாவது தேர்வைத் தாங்களே நடத்துவார்கள், பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. இவற்றில் ஒரு பகுதி இடங்கள் கவுன்சலிங் மூலம் நிரம்பும். கட்டணத்தை மாநில அரசின் குழு நிர்ணயிக்கும். 2017-ல் அந்தக் குழு வைத்த அளவு, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் (தர அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 55,000), நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 (அங்கீகாரம் இருந்தால் 87,000).

இரண்டாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 1956-ம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 3-வது பிரிவின்படி மத்திய அரசு அறிவிப்பது. கோவையில் அவினாசிலிங்கம், எட்டிமடை அமிர்தா, சிறுவாணி சாலையில் காருண்யா, ஈச்சனாரி கற்பகம் ஆகியவை இந்த வகை. பட்டத்தை அவர்களே கொடுப்பார்கள். மாநிலக் கட்டணக் குழுவின் அளவு இவர்களின் சொந்த இடங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் தனியார் பல்கலைக்கழகம். பஞ்சாப், ராஜஸ்தான், ஆந்திராவில் இவை ஏராளம். தமிழ்நாட்டில் சென்னைப் பக்கம் ஷிவ் நாடார், சாய் போன்ற சிலவே உண்டு.

'யுனிவர்சிட்டி' என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் எவ்வளவு மயக்கம் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், நிகர்நிலை நிறுவனங்கள் தங்கள் பெயரில் 'யுனிவர்சிட்டி' என்று போடக் கூடாது என யு.ஜி.சி. உத்தரவிட்டது. நாடு முழுக்கப் பலகைகள் மாறின. காருண்யா யுனிவர்சிட்டி, காருண்யா இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அண்ட் சயின்சஸ் ஆனது. பெயர் மாறியதால் அங்கே நடந்த படிப்பு மாறிவிடவில்லை. ஆனால் அப்போதுதான் பல பெற்றோர்களுக்கு, தங்கள் பிள்ளை படிப்பது எந்த வகை நிறுவனம் என்பதே தெரியவந்தது.

இந்த வகை விவரத்தில் கையைக் கடிக்கும் விஷயம் அரசுச் சலுகைதான். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் மூலம் பொறியியல் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை அரசு கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவருக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த வழியில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. கவுன்சலிங்குக்கு வெளியே, நிகர்நிலை நிறுவனத்தில் நேராகப் போய்ச் சேர்ந்தால் இந்த இரண்டும் இல்லை. அரசுப் பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணை, கவுன்சலிங் தொடங்கும் முன்பே 'சீட்டு போயிடும்' என்ற பயத்தில் நிகர்நிலையில் சேர்த்துவிடுவது, இலவசமாகக் கிடைக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டு லட்சங்களைக் கட்டுவதாக முடியலாம்.

ஒரு பிரமாணப் பத்திரம், தூக்கம் போன குடும்பங்கள்

நாட்டிலிருந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பேராசிரியர் பி.என்.டாண்டன் தலைமையிலான குழுவை வைத்து 2009-ல் மத்திய அரசு ஆய்வு செய்தது. அதில் 44 நிறுவனங்கள் அந்தத் தகுதிக்கே லாயக்கில்லை என்று குழு சொன்னது. 2010 ஜனவரியில் அரசு அதை உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவே தாக்கல் செய்தது. 44-ல் 16 தமிழ்நாட்டில் இருந்தவை. பாதிப் படிப்பில் நின்ற மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்ததுபோல் ஆனார்கள். இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று அந்த மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் தலை தப்பியது. பிற்பாடு மறு ஆய்வுகள் நடந்தன. பட்டியலில் இருந்த பல நிறுவனங்கள் இன்றும் நிகர்நிலைதான். ஆனாலும் அந்தச் சில வாரங்களில் குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை.

அவ்வளவு சுலபமாகத் தப்பாதவர்களும் உண்டு. தொலைதூரக் கல்வியில் பொறியியல் பட்டம் கொடுத்த நான்கு நிகர்நிலை நிறுவனங்கள் குறித்த வழக்கில், 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த நான்கில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வை எழுதித் தேறினால்தான் செல்லும் என்றானது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. வேலையில் சேர்ந்து, பதவி உயர்வும் வாங்கி, பிள்ளை குட்டியோடு இருந்தவர்கள் மறுபடி தேர்வு எழுதப் போனார்கள். நிறுவனம் உண்மையானது, நிகர்நிலைத் தகுதியும் உண்மை. அந்தக் குறிப்பிட்ட படிப்பை அந்த முறையில் நடத்த அனுமதி இருந்ததா என்பதுதான் கேள்வி. காட்டுக்குப் பட்டா இருக்கிறது, ஆனால் வீடு கட்ட அனுமதி இல்லை என்பது மாதிரி.

கட்டண விஷயத்தில் சிதம்பரத்துக் கதை வேறு மாதிரி. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ராஜா அண்ணாமலை செட்டியார் குடும்பத்தின் பெயரோடு சேர்ந்தே வளர்ந்தது. டெல்டா விவசாயிகளின் பிள்ளைகளுக்கு அக்ரி படிப்பு என்றால் கோயம்புத்தூருக்கு அடுத்து நினைவுக்கு வந்த இடம் அதுதான். நிதி நெருக்கடி முற்றி, சம்பளம் கொடுப்பதே சிக்கலானபோது, 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. 'அரசாகிவிட்டது, இனிக் கட்டணம் குறையும்' என்று நம்பியவர்கள் ஏழு வருடம் காத்திருந்தார்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 5.44 லட்சம் ரூபாய். அரசு மருத்துவக் கல்லூரியிலோ பதினான்காயிரம்கூட இல்லை. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னபோதும் நகரவில்லை. ஐம்பது நாள் தாண்டிய பிறகு, 2021 தொடக்கத்தில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, அரசுக் கல்லூரிக் கட்டணத்தை அறிவித்தது அரசு. முந்தைய வருடங்களில் படித்து முடித்தவர்களின் பெற்றோர் கட்டிய பணம் கட்டியதுதான்.

அக்ரி படிப்பா? பண்ணையைப் பாருங்கள்

விவசாயி வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு இன்று பி.எஸ்சி. (ஹானர்ஸ்) அக்ரி மேல் ஆசை. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருப்பதால் அந்த ஆசை இங்கே கொஞ்சம் கூடுதல். அங்கே இடம் கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பொள்ளாச்சி அருகே மணக்கடவு வாணவராயர் வேளாண் கல்லூரிபோல, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகள். மற்றொன்று, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் வேளாண் படிப்பு.

இங்கே கேட்க வேண்டிய முக்கியமான காகிதம் ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இல்லாத தனியார் நிறுவனத்தில் பட்டம் வாங்கியவர், ஐ.சி.ஏ.ஆர். நுழைவுத் தேர்வு வழியாக நிரப்பப்படும் எம்.எஸ்சி. இடங்களுக்குப் போட்டியிட முடியாது. 'யு.ஜி.சி. அப்ரூவ்டு' என்பதும் 'ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம்' என்பதும் வேறு வேறு. விளம்பரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். 'விண்ணப்பித்துள்ளோம்' என்பது பொடி எழுத்தில் இருக்கும். அங்கீகாரம் படிப்பு வாரியாகவும் கால வரம்போடும் தரப்படுவது. ஆகவே 'எந்தப் படிப்புக்கு, எந்தத் தேதி வரை' என்று சான்றிதழையே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பையன் முடித்து வெளியே வரும் வருடத்தில் அது உயிரோடு இருக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

காகிதத்தைத் தாண்டி, இந்தப் படிப்பில் மட்டும் விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்து, அது நல்லதா மோசமா என்று சொல்ல முடியாதவர், பண்ணையைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். கல்லூரிக்கு எத்தனை ஏக்கர் பண்ணை? அது வளாகத்தோடு ஒட்டியதா, இருபது கிலோமீட்டர் தள்ளியா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? பயிர் பருவத்துக்கு நிற்கிறதா, அல்லது ஆய்வுக்குழு வரும்போது நட்ட நாற்றா? மாணவர் ஒருவருக்கு எத்தனை சென்ட் பாத்தி ஒதுக்குகிறார்கள், களை எடுப்பது அவர்களா, கூலியாளா? தென்னந்தோப்பு இருந்தால், வெள்ளை ஈக்கு என்ன செய்கிறார்கள்? சேர்க்கை அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, வரப்பில் ஒரு சுற்று நடந்தால் அதிகம் தெரியும். பெரும்பாலான பெற்றோர் பண்ணையைக் காட்டச் சொல்லிக் கேட்பதே இல்லை.

இன்னொரு சோதனையும் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கடைசி வருட அக்ரி மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்ப்பது பாடத்திட்டத்திலேயே உண்டு. சுல்தான்பேட்டைப் பக்கம் தக்காளி, சின்ன வெங்காயம் போடும் ஊர்களுக்கெல்லாம் கல்லூரி பேனரோடு பிள்ளைகள் வருவார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்புகிறார்களா, இலையைத் திருப்பிப் பார்த்து என்ன பூச்சி என்று சொல்கிறார்களா என்பதை ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எப்படி என்று அவர்களிடம் கேட்டாலே போதும். நட்சத்திரத் தரமெல்லாம் அப்புறம்.

தரம் என்றதும் 'நாக்' மதிப்பீட்டைச் சொல்வார்கள். அதைப் பார்ப்பது அவசியம்தான். அதையே முழுதாக நம்பிவிடவும் முடியாது. 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் குண்டூர் பகுதி நிகர்நிலை நிறுவனம் ஒன்றுக்கு உயர் கிரேடு தர லஞ்சம் கைமாறியதாகச் சொல்லி, நாக் ஆய்வுக்குழுத் தலைவர் உட்பட 10 பேரை சி.பி.ஐ. கைது செய்தது.

இரண்டு ஏக்கர் தென்னையும் ஒரு கல்விக் கடனும்

விளம்பரத்தில் வருவது கல்விக் கட்டணம் மட்டும். சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பஸ், விடுதி, மெஸ் எல்லாம் தனி. 'பிளஸ் டூ மார்க்குக்கு ஐம்பது சதவிகிதம் தள்ளுபடி' என்று சொல்லும் இடத்தில், அது நாலு வருடத்துக்குமா, முதல் வருடத்துக்கு மட்டுமா, இடையில் மதிப்பெண் குறைந்தால் ரத்தாகுமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாம் வருடம் முழுக் கட்டணச் சீட்டு வரும்போது, பாதியில் நிறுத்த மனம் வராமல் காட்டை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு ஆரம்பம் பெரும்பாலும் இந்தத் தள்ளுபடிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் வீதம் நாலு வருடத்துக்கு 10 லட்சம் கல்விக் கடன். வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம்; ஆனால் வட்டி நிற்காது. முதல் வருடம் வாங்கிய 2.5 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 1.25 லட்சம். அடுத்ததற்கு 1 லட்சம், அதற்கடுத்து 75 ஆயிரம், கடைசிக்கு 50 ஆயிரம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 13.5 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய். வருடத்துக்கு 2.14 லட்சம்.

25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. இரண்டு ஏக்கருக்கு 140 மரம். மரத்துக்கு வருடம் 100 காய், காய்க்கு 15 ரூபாய் என்று வைத்தால் மொத்த வரவு 2.1 லட்சம். உரம், பறிகூலி, தண்ணீர்ச் செலவு எதையும் கழிக்கவில்லை. அதாவது பையனுக்கு வேலை கிடைக்கத் தாமதமானால், இரண்டு ஏக்கர் தோப்பின் மொத்த வரவும் பத்து வருடத்துக்கு அந்தத் தவணைக்கே போகும்.

வங்கிப் பக்கம் சில விவரங்கள். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். இங்கேதான் விவசாயி சிக்குகிறார். விவசாய நிலத்தை சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி எடுத்து ஏலம் விட முடியாது. அதனால் தோட்டத்து டாக்குமென்ட்டைக் கல்விக் கடனுக்கு ஜாமீனாக வாங்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. வீட்டு டாக்குமென்ட் இல்லாதவர் தனியார் ஃபைனான்ஸுக்குப் போகிறார், அல்லது காட்டை விற்கிறார். 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தரவரிசையில் முன்னணியில் உள்ள சுமார் 860 நிறுவனங்களுக்குப் பிணையில்லாக் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவிகித வட்டிச் சலுகை. 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு, தொழிற்படிப்புக்கு அந்தக் கால வட்டி முழுவதையும் அரசே கட்டும் திட்டமும் தனியாக உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவருக்கு வித்யாலட்சுமிச் சலுகை இல்லை. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயன் இல்லை. சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேட்டுவிட்டு, தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்கிவிட்டு, அதன்பிறகு கல்லூரிக்குக் கிளம்புவதே சரி.

நூறு ஏக்கர் பேச்சு

2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. 2019-ம் ஆண்டுத் தனியார் பல்கலைக்கழகச் சட்டப்படி, பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் தொடர்ச்சியான நிலம் வேண்டும். அதை மாநகராட்சியில் 25, நகராட்சி, பேரூராட்சிகளில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைக்கவும், ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளே பல்கலைக்கழகமாக மாற வழி செய்யவும் திருத்தம் வந்தது. ஆசிரியர் சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. அரசு உதவி பெறும் பழைய கல்லூரிகள்கூட மாறிவிட்டால் கட்டணமும் இட ஒதுக்கீடும் என்ன ஆகும் என்பது அவர்களின் கேள்வி. அந்த மாதத்துக்குள்ளேயே அரசு மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. நெடுஞ்சாலை ஓரம் ஒவ்வொரு ஏக்கருக்கும் புரோக்கர் அலையும் சூலூர் போன்ற பகுதியில், இது கல்விச் செய்தி மட்டுமல்ல, நிலச் செய்தியும்கூட. இதே பேச்சு வேறு வடிவில் திரும்ப வரலாம். காது கொடுத்து வைத்திருப்பது நல்லது.

குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நிகர்நிலையில் முன்பணம் கட்டியாயிற்று. இப்போது கவுன்சலிங்கில் இடம் கிடைத்துவிட்டது. பணம் திரும்பி வருமா?

வரும். 2018 யு.ஜி.சி. அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணம் (நிர்வாகச் செலவுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்). அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவிகிதம், கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, அதன்பின் 30-வது நாள் வரை 50, பிறகு ஒன்றும் இல்லை. இடையில் சில ஆண்டுகளுக்கு இன்னும் தாராளமாகவும் உத்தரவு வந்தது: 2024-25-ல் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. சேரும் வருடத்துக்கு என்ன உத்தரவு என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ரீஃபண்ட் கிடையாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் அது இந்த விதியை மாற்றாது. விலகும் கடிதத்தைக் கையில் கொடுத்துத் தேதியோடு முத்திரை வாங்குங்கள்; கொடுக்க மறுத்தால் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முழுக் கட்டணமும் கட்டினால்தான் தருவோம் என்கிறார்களே?

சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதே 2018 அறிவிப்பு. கட்டணப் பாக்கிக்குச் சான்றிதழை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

புகாரை எங்கே கொடுப்பது? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

எல்லாரும் முதலில் சொல்வது நுகர்வோர் கோர்ட்டைத்தான். ஆனால் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொன்னது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது என்றாலும், அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2023-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழுவும், அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும். முதல் மனு அங்கே. பதில் வராவிட்டால் யு.ஜி.சி.யின் 'இ-சமாதான்' தளத்தில் பதிவு செய்யலாம். ரசீது இல்லாமல் நன்கொடை கேட்டால் விஷயம் வேறு. 1992-ம் ஆண்டுத் தமிழ்நாடு நன்கொடைத் தடைச் சட்டப்படி அது குற்றம், இணைப்புக் கல்லூரி என்றால் மாநில அரசிடமே புகார் செய்யலாம். எந்தப் புகாருக்கும் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், சேர்க்கைக் கடிதம், விளம்பர நோட்டீஸ் நான்கும் தேவைப்படும். கையில் கொடுத்த பணத்துக்குக் காகிதம் இல்லை என்றால், எந்த அதிகாரி முன்னாலும் பேச எதுவும் மிஞ்சாது.

ஏஜென்ட் மூலம் வெளிமாநிலத்தில் அக்ரி சேர்க்கலாமா? கட்டணம் குறைவு என்கிறார்.

ஏஜென்ட்டுக்குக் கல்லூரியிடமிருந்து கமிஷன் உண்டு. அவர் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா, அந்தப் படிப்புக்கு ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்ற இரண்டையும் அந்தந்த இணையதளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் போனில் காட்டும் படத்தில் அல்ல. அதன்பிறகும் விருப்பம் இருந்தால் ரயில் டிக்கெட் போட்டு ஒரு முறை நேரில் போய், அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். அவர்களோடு மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். பண்ணையையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.